டாக்டரம்மாவின் ‘ஆஸ் யூஷுவல்’

11.8.1978, வெள்ளி

காலையில் தபால்காரர் ஜமுனாமரத்தூரிலிருந்து தந்தி கொண்டுவந்தார். இங்கிலாந்தில் டாக்டரம்மாவின் தாயார் இறந்துவிட்டார். படித்துவிட்டு மடித்து வைத்தார். கம்பவுண்டர் என்ற முறையில், இன்றைக்கு ஆஸ்பத்திரியை மூடிவிடலாமா என்று கேட்டேன். “ஆஸ் யூஷுவல், மணி” என்றார், எப்போதும்போல நடக்கட்டும் என்று.

இங்கிலாந்துக்காரர்கள் எதற்கெடுத்தாலும் சொல்வது அதுதான். டீக்கும் அதுதான். ஜீப் வழியில் நின்று, மழையில் நடந்து வந்த அன்றைக்கும் டாக்டரம்மா அதையேதான் சொன்னார். பெற்றவள் செத்த அன்றைக்குமா? எனக்குக் கோபம்தான் வந்தது.

வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருந்த பூங்காவனம், “சாவு வூட்ல போய் மருந்து கேக்கறதா? அது இன்னா நாயம்?” என்று எழுந்தாள். அவள் பின்னாலேயே எல்லோரும் சத்தமில்லாமல் போய்விட்டார்கள். எனக்கும் அதுதான் முறை என்று பட்டது.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டு வந்து, அடுத்த ஆளை வரச் சொன்னார். யாரும் இல்லை. ஏன் போனார்கள் என்று சொன்னேன். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டியபடி காலி பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதிலேயே உட்கார்ந்து, எங்க ஊர்த் தமிழில் கேட்டார்.

“இப்ப நான் இன்னா பண்றது, மணி?”

அழுதார். ஆறு வருஷத்தில் அவர் அழுது இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

சாயங்காலம் பூங்காவனம் பிள்ளைக்கு மருந்து கொடுத்துவிட்டு, வூடு வூடாகப் போனேன். நாளைக்குக் காலையில் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறேன். நோய் இல்லாதவர்களையும்.