கோதுமை அனுப்ப மாட்டேன்

நவம்பர் 4, செவ்வாய்

இன்று நான் சொல்லாதது: "முடியாது."

ஒரே சொல். தொண்டைவரை வந்தது. லத்தீஃபா அக்காவின் கணினி விளையாட்டுக் கூடத்தில், எல்லோரும் கேட்கும்படி நிஸார் சொன்னான்: "துனிஸ்ல நடக்கற இறுதிப் போட்டிக்கு நம்ம ஊர்லேர்ந்து ரெண்டு பேர். நான் சண்டை போடறேன். யுஸ்ரா வழக்கம்போல கோதுமையும் தங்கமும் அனுப்பிட்டே இருப்பா. அடுப்படி அவ பொறுப்பு."

எங்களோடு ஆடும் ஹம்தி உடனே, "யுஸ்ரா, எனக்கு ஒரு முட்டை பிரிக் அப்பம் பொரிச்சுத் தாயேன், மஞ்சக்கரு உடையாம," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதுதான் எரிகிறது.

நிஸார் என் பெரியம்மா மகன். எங்கள் ஊர் ஸ்ஃபாக்ஸில் அவனைவிட வேகமாகப் படை திரட்டுகிறவன் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கும்தானே அந்தத் திரையில் ஒரு பேரரசு தருகிறார்கள்? இரண்டு வருடமாக அது அவன் படைக்குச் சோறு போடுவதற்காக மட்டுமே இருக்கிறது. வயல், களஞ்சியம், வயல், களஞ்சியம். ஒரு நாடக அரங்குகூட இல்லாத நாடு.

நவம்பர் 5, புதன்

வீட்டில் தனியாக ஆடினேன். காவலுக்குக் கொஞ்சம் வில்லாளிகள், அவ்வளவுதான். மீதி எல்லாவற்றையும் அரங்குகளிலும் நூலகங்களிலும் திருவிழாக்களிலும் போட்டேன். என் நாட்டின் நிறம் எல்லை தாண்டி மெல்லப் பரவியது, துணியில் எண்ணெய் ஊறுவது போல. கடைசியில் பக்கத்து நாட்டுத் துறைமுக நகரம் தானாகவே என் கொடியை ஏற்றியது. ஓர் அம்புகூட விடவில்லை.

நிஸார் இதைப் பொம்பளை ஆட்டம் என்பான். சொல்லட்டும்.

நவம்பர் 7, வெள்ளி

சொல்லிவிட்டேன்! பெரியம்மா வீட்டில், மீன் கூஸ்கூஸ் சாப்பிடும்போது.

"இறுதிப் போட்டில கோதுமை அனுப்ப மாட்டேன், அண்ணே. அரங்கு, நூலகம்னு என் நாட்டை நான் கட்டிக்கறேன்."

"பாட்டுப் பாடி எதிரணி சூஸ் ஊர்க்காரனுங்கள ஜெயிக்கப் போறியாக்கும்?"

"ஏன், முடியாதா?"

"சரி. நாளைக்கு என்னோட ஆடு. ஜெயிச்சா உன் இஷ்டம். தோத்தா உன் இடத்துல ஹம்தி உக்காருவான். அவன் எதிர்த்துப் பேசாம அனுப்புவான்."

"ஆடறேன்."

பெரியம்மாவுக்கு எரிச்சல். "இல்லாத ஊருக்கு இப்படி அடிச்சுக்கறீங்களே! தட்டுல இருக்கறதத் தின்னுங்க முதல்ல."

முள் எடுப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

நவம்பர் 8, சனி

ஆரம்பத்திலேயே நிஸார் என் பெரிய நகரத்தைப் பிடித்துவிட்டான். கூடத்தில் ஒரே கூச்சல். ஹம்தி என் நாற்காலியின் முதுகைத் தட்டி, "நாற்காலியச் சூடு பண்ணி வை யுஸ்ரா, நான் உக்கார வர்றேன்," என்றான்.

பிடிபட்ட ஊரில் கலகம் நடக்கும். படை போட்டு ஆடுகிற எல்லோரும் உடனே வீரர்களை உள்ளே கொண்டுவந்து நிரப்புவார்கள், கலகம் அடங்கும். நிஸாரும் அதைத்தான் செய்தான். ஆனால் அந்த ஊரைச் சுற்றி நாலாபுறமும் என் அரங்குகள். அந்த ஊருக்குள்ளும் என் நூலகம், என் பள்ளி. அப்படிப்பட்ட ஊர் மனம் மாறினால், உள்ளே இருக்கும் படை மொத்தமும் அதோடு காணாமல் போகும். இப்படி ஓர் எதிரியோடு அவன் ஆடியதே இல்லை. கலகம் கூடக் கூட இன்னொரு படை, அதற்கு மேல் இன்னொன்று… எல்லாவற்றையும் அந்த ஒரே மதிலுக்குள் திணித்தான்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் திறக்கவில்லை. பக்கத்து ஊரில் இன்னொரு திருவிழா வைத்தேன்.

திரையில் வந்தது: நகர மக்கள் பழைய கொடியை ஏற்றிவிட்டார்கள். உள்ளே இருந்த அவன் படை மொத்தமும் மறைந்தது; ஆட்டம் என் கைக்கு வந்தது.

முதலில் கத்தியது ஹம்திதான்: "உன் படை எங்கே அண்ணே? கச்சேரி கேக்கப் போயிருச்சா?"

நிஸாரின் காது சிவந்துவிட்டது. "இது மென்பொருள் கோளாறு. மறுபடி ஆடு."

"கோளாறும் இல்ல ஒண்ணும் இல்லடா தம்பி," என்றாள் லத்தீஃபா அக்கா, கல்லாவிலிருந்து எழாமலே. "விதியே அதான். உங்கள்ல எவன் படிச்சான்?"

"மறுபடி ஆட மாட்டேன்," என்றேன். "சொன்ன சொல் சொன்னதுதானே, அண்ணே?"

அவன் கணினியை அணைத்துவிட்டு எழுந்து போனான்.

நவம்பர் 9, ஞாயிறு

அமைதியான வெற்றி என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன். அமைதியா அது? அம்மாவுக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சில்தான் திட்டுகிறாள். கேட்டால், "தானா வருதுடி" என்பாள். எங்களை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் துப்பாக்கிகள் அவள் பிறப்பதற்கு முன்பே வந்து போய்விட்டன; அவளை மாற்ற அவர்களின் பாடப்புத்தகம் மட்டுமே போதுமாக இருந்தது. என் விளையாட்டிலும் அந்தத் துறைமுக நகரம் "விரும்பி" வந்ததாம். யார் போய்க் கேட்டார்கள்?

இருக்கட்டும். நிஸார் பிடித்த ஊரில் ஜனத்தொகை பாதியானது. என்னிடம் வந்த ஊரில் ஒருவரும் சாகவில்லை. இந்த வித்தியாசத்தை யாரும் எனக்குச் சிறிதாக்கிக் காட்ட வேண்டாம் — நான் உட்பட.

நவம்பர் 14, வெள்ளி

நிஸார் பயிற்சிக்கு வருகிறான், ஆடுகிறான், போகிறான். என்னோடு பேச்சில்லை.

நவம்பர் 22, சனி. துனிஸ்

தோற்றோம்.

முதலில் தடுமாறியது நிஸார்தான். பாதி ஆட்டத்தில் அவன் படைக்கு உணவு தீர்ந்தது. "யுஸ்ரா, கோதுமை! யுஸ்ரா!" இரண்டு வாரத்துக்குப் பிறகு என் பெயரைச் சொன்னான். என்னிடம் இருந்தது. அனுப்பவில்லை. அரங்குகளில் போட்டேன். சூஸ்காரர்களின் எல்லை நகரங்கள் இரண்டு என் கொடிக்கு மாறின. முன்பின் தெரியாதவர்கள் எழுந்து கைதட்டினார்கள். நிஸாரின் தலைநகர் விழுந்தது. பிறகு சூஸ் படை என்மேல் திரும்பியது.

என் நகரங்களில் ஒன்றைக்கூட அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. பிடித்த கையோடு கொளுத்தினார்கள். முடிந்ததும் சூஸ் அணித் தலைவன் அன்வரிடம் போய், ஏன் என்று கேட்டேன்.

"வெச்சிருந்தா எங்க படையவே முழுங்கியிருப்பீங்களே! நாங்க என்ன பைத்தியமா?" என்று கை கொடுத்தான்.

ரயிலில், ஜன்னலைப் பார்த்தபடி நிஸார்: "அனுப்பியிருந்தா நின்னிருப்போம்."

"இருக்கலாம்."

"வருத்தமே இல்லையாடி உனக்கு?"

"தோத்ததுக்கு இருக்கு. அனுப்பாததுக்கு இல்ல."

எல்ஜெம் நிலையம் தாண்டியதும் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினான். வாங்கிக்கொண்டேன். மன்னிப்பு அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

நிஸாரின் பக்கத்து இருக்கையில் இனி ஹம்தி. நான் தனியாட்டப் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டேன். நேற்று முதல் ஆட்டம். மூன்று ஊர்கள் என் பக்கம் வந்தன, வென்றேன். நிஸார் பார்க்க வந்திருந்தான். கடைசிவரை பின்னால் நின்றுகொண்டிருந்தான்.