பெற்ற தாயைவிட

மேகமலை
5.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு மழை. கைப்பேசிக்கு இன்னும் டவர் கிடைக்கவில்லை. ஜீப் டிரைவர் ராக்கப்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் பள்ளி நிர்வாகத்தின் சின்னமனூர்ப் பள்ளியில் ஓர் இடம் காலியாம். மாறுதல் மனு இங்கிலீஷில் வேண்டுமாம். இந்த எஸ்டேட் பள்ளிக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது, நம் மகள் ஓவியாவுக்கு ஆறு வயது, அவளோடு இருக்க வேண்டும். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்துகிறவர் நீங்கள்; எழுதிக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்திட்ட வெள்ளைத்தாள் இத்துடன்.

உங்கள் ஜோதி

சின்னமனூர்
9.6.2024

அன்பு ஜோதிக்கு,

மனு கொடுத்தாயிற்று. உன் மூன்று வரியை அப்படியே எழுதினால் யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? எங்கள் சென்டரில் ஏழாம் பாடமே இதுதான்: ‘குட்’ என்றால் கொட்டாவி விடுவான், ‘பெட்டர்’ என்றால் காது கொடுப்பான், ‘பெஸ்ட்’ என்றால் எழுந்து நிற்பான். ஆகவே, ‘என்னைவிடச் சிறந்த ஆசிரியையை இப்பள்ளி கண்டதில்லை, பிள்ளைகள் பெற்ற தாயைவிட என்னையே அதிகம் நேசிக்கிறார்கள்’ என்று நீ சொல்வதாக ஒரு பக்கம் எழுதினேன். மாறுதல் கேட்கும் வரி கடைசியில் இருக்கிறது. இடம் போதாததால் சற்றுப் பொடி எழுத்து.

ஓவியா நலம். என் அக்கா பாண்டியம்மாள் பார்த்துக்கொள்கிறாள்.

மிக மிக அதிக அன்புடன்,
தங்கப்பாண்டியன்

மேகமலை
28.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நிர்வாகத்திலிருந்து ஜெபமணி சார் நேரிலேயே வந்தார். ஊரைக் கூட்டி, மனுவைத் தமிழில் வாசித்து, எனக்குப் பொன்னாடை போர்த்தினார். “உங்களவிட நல்ல டீச்சர் இல்லேன்னு நீங்களே எழுதியிருக்கீக. உங்களக் கீழ இறக்குனா இந்தப் பிள்ளைக பாவம் எங்களச் சும்மா விடுமா?” என்றார். இன்னும் மூன்று வருடம் இங்கேயே என்று ஆணை. நான் வாய் திறப்பதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். சின்னமனூர் இடம், அதற்கே மனு போட்டிருந்த கயல் டீச்சருக்கு. அவள் ‘முழங்கால் வலி’ என்று எழுதியிருந்தாளாம்.

தேயிலை பறிக்கும் சங்கிலியம்மாள் மறுநாள் வாசலில் வந்து நின்றாள். “ஏத்தா டீச்சரு, எம்புள்ளைக்கு என்னயவிட ஒம்மேலதேன் பாசம்னு எழுதிக் குடுத்தியாமே? அது பாயில மோண்டா நீயா வந்து துணி மாத்துற?” என்றாள்.

மூன்று வருடம், மாமா. ஏதாவது செய்யுங்கள்.

உங்கள் ஜோதி

சின்னமனூர்
6.7.2024

அன்பு ஜோதிக்கு,

இதைவிடப் பெரிய கௌரவம் உண்டா? உன் பொன்னாடைப் படத்தை சென்டர் போர்டில் போட்டுவிட்டேன். புதிதாகப் பதினோரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். இப்போது போய் மனுவை மறுத்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? மூன்று வருடம் என்பது நீ ஏற்கெனவே முடித்த நான்கைவிடக் குறைவுதான்.

ஓவியாவைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்னைவிட அழுகை குறைந்துவிட்டது. அக்காவை ‘அம்மா’ என்றே கூப்பிடப் பழகிவிட்டாள். உன்னைவிடப் பொறுமையான மனைவி எவனுக்கும் வாய்க்க மாட்டாள்.

மட்டற்ற அன்புடன்,
தங்கப்பாண்டியன்

மேகமலை
10.7.2024

தங்கப்பாண்டியன் அவர்களுக்கு,

சனிக்கிழமை வருகிறேன். ஓவியாவின் துணிகளையும் ஸ்வெட்டரையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இங்கே ஒன்றாம் வகுப்பில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டேன். தகப்பன் கையெழுத்து வேண்டாமா என்று ஜெபமணி சாரிடம் கேட்டேன். “இம்புட்டுப் பெரிய டீச்சர்கிட்டப் பிள்ளைய விட மாட்டேன்னு எந்தத் தகப்பன்மா சொல்லுவாக?” என்றார்.

முதல் சில நாள் அவள் அத்தையைக் கேட்டு அழுவாள். எஸ்டேட்டில் எனக்குக் கொடுத்திருக்கும் லைன் வீடு ஒழுகுகிறது. தெரிந்தேதான் அழைத்துவருகிறேன்.

நீங்கள் மலைக்கு வர வேண்டியதில்லை. இதுவரை வந்ததுமில்லை.

ஜோதிலட்சுமி