தேங்காயெண்ணெய் குடித்த மெஷின்

15.1.1961, ஞாயிறு

அண்ணன் இன்று அட்டன் டவுனில் முஸ்லிம் நானாவின் பழைய சாமான் கடையில் தன் நல்ல தையல் மெஷினைக் கொடுத்துவிட்டு ஒரு கிழட்டு மெஷினை மாற்றி வாங்கி வந்தான். அடியில் நூல் வைக்கும் கூடு படகு மாதிரி நீளமாக இருக்கிறதாம், அப்படியென்றால் மிகப் பழசாம். "இறுகிப்போய்க் கிடக்கு தம்பி, பாத்து எடு" என்று நானாவே சொன்னாராம். பழசைக் கண்டால் இவனுக்குக் காது கேட்காது.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த பிறகும் சக்கரம் அசையவில்லை.

"வெட்டி வச்ச ரவிக்கைய எதுல தைக்கிறது? நாளைக்கே திருப்பிக் குடுத்துட்டு வா!" என்று அம்மா கத்தினாள்.

"இது மெஷின் இல்லம்மா, சாமி. பூ வச்சுக் கும்பிடுவோம்" என்றேன். அண்ணன் முறைத்தான்.

குனிந்து பார்த்தேன். அக்கா தலையின் வாசம் அடித்தது. யாரோ தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார்கள். இந்த மலைக் குளிரில் அது மெழுகாக உறைந்துவிட்டது.

"அடுப்புகிட்ட வைண்ணே, அதுக்குக் குளிருது."

சோறு வேகுமுன் எண்ணெய் உருகிச் சொட்டியது. சக்கரம் சுற்றியது. அண்ணன் மண்ணெண்ணெயால் கழுவி, மெஷின் எண்ணெய் விட்டான். அம்மா ரவிக்கையின் ஒரு கையைத் தைத்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுக்கும் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

"நானே கண்டுபிடிச்சிருப்பேன்டி" என்கிறான் அண்ணன்.

கண்டுபிடித்திருப்பான், சித்திரை வெயிலில் அது தானாக உருகிய பிறகு.