கூட்டாளி விமானத்தில் விடுபட்ட மைல்கள்

11.02.2025, புத்தூர்

விமான நிறுவனத்துக்கு மூன்றாவது கடிதத்தையும் இன்று அனுப்பினேன். அகராதியை வைத்து நானாகவே ஆங்கிலம் கற்றவள். அதில் ஒரு பிழையும் இராது.

மகள் பிரசாந்தியின் மூன்று பிள்ளைப்பேறுகளுக்கும் ரொறன்ரோ பறந்து, அந்த நிறுவனத்தின் கணக்கில் புள்ளிகளாய்ச் சேர்த்த மைல்களைப் பற்றியது அது. சென்ற செப்டெம்பரில் இலண்டனுக்கு அப்பாலான பறப்பு மட்டும் கணக்கில் ஏறவில்லை. பயணச்சீட்டில் நான் மைல் சேர்க்கும் நிறுவனத்தின் விமான இலக்கம்; பறந்ததோ கூட்டாளி நிறுவனத்தின் விமானம். இரு தரப்பாரும் மற்றவரைக் கேட்கச் சொல்கின்றனர். அது ஏறினால் ஓர் இலவசப் பயணச்சீட்டு கிடைக்கும். ஜூனுக்குள் ஏறாவிட்டால் பழைய மைல்களும் காலாவதியாகிவிடும்.

17.02

கண் கிளினிக்குக்குச் சென்றோம். இவருடைய இடக்கண் முடிந்துவிட்டது. வலக்கண்ணுக்கும் நெடுங்காலம் இல்லையாம். பேரப்பிள்ளைகளை இவர் தொலைபேசித் திரையில்தான் கண்டிருக்கிறார். மகள் எடுத்துக் கொடுத்த விசா கடவுச்சீட்டில் சும்மா கிடக்கிறது.

மருமகன் விமான ரிக்கற் போடக் காத்திருக்கிறார் என்று பஸ்ஸில் மீண்டும் சொன்னேன்.

"மருமோன்ரை காசிலை ஏறமாட்டன். உம்மடை மைல்ஸ் எண்டால் வாறன். அது நீர் குந்தியிருந்து உழைச்சது."

முன் இருக்கைப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

03.03

பதில் வந்தது. போர்டிங் பாஸின் பிரதியை இணைக்கவும். ஒரே வரி.

05.03

அது எங்கே என்று எனக்குத் தெரியாதா? தெரியும்.

தனியே பறக்கும் எங்களூர்த் தாய்மாருக்குப் பிள்ளைகள் சக்கர நாற்காலி பதிந்துவிடுகிறார்கள் — முழங்காலுக்காக அன்று, மொழிக்காக. பிரசாந்தி எனக்கும் பதிந்தாள். அறிவிப்புப் பலகைகள் ஒவ்வொன்றையும் வாசிக்கத் தெரிந்தவளை ஒரு பணிப்பெண் தள்ளிக்கொண்டு போனாள். பாஸ் அவள் கையோடு போயிற்று. நான் கேட்கவில்லை. வெட்கம். கடிதத்தில் "தவறவிட்டுவிட்டேன்" என்று எழுதினேன்.

பிரசாந்தி சொல்கிறாள்: "வீல்செயாரிலை போனனான் எண்டு எழுதுங்கோவன் அம்மா. அவையளிட்டைப் பதிவு இருக்கும்."

"எழுதமாட்டன்."

"அப்ப அப்பா எங்களைக் காண வேண்டாமோ?"

தொலைபேசியை வைத்துவிட்டேன்.

14.03

எழுதவில்லை. களைப்பு.

22.03

தேநீர்க் கோப்பையை இவர் மேசையில் வைத்தார். மேசை அங்கே இல்லை. "ஒண்டும் கதையாதையும். கூட்டிப்போட்டு வாரும்" என்றார்.

கூட்டி அள்ளிவிட்டு வந்து எழுதினேன்: "நடக்க இயன்றவளாயிருந்தும் சக்கர நாற்காலியில் கொண்டுசெல்லப்பட்டேன். எனது போர்டிங் பாஸ் பணியாளரிடம் இருந்தது." இவ்வளவு திருத்தமான ஆங்கிலம் நான் எழுதியதில்லை. இவ்வளவு வெறுத்தும் எழுதியதில்லை.

24.04

ஏறிவிட்டது! நாற்காலிப் பதிவே நான் பறந்ததற்குச் சான்றாயிற்று. இனி இலவசச் சீட்டில் போகலாம் என்று இவரிடம் சொன்னேன்.

"நீர் வரேல்லையோ?"

"ஒராளுக்குத்தான் மைல்ஸ் காணும்."

"எனக்கு அங்கை ஆரோடை கதைக்கத் தெரியும்?"

"வீல்செயார் போட்டுவிடுறன்."

"ஏன், எனக்குக் கால் இல்லையோ?"

"எனக்கும் கால் இருந்தது. நானும் அப்பிடித்தான் போனனான்."

இத்தனை வருடமும் சொல்லாதது. விமான நிலையங்களில் நான் கைப்பையும் நிமிர்ந்த தலையுமாக நடந்ததாகத்தான் இவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கடவுச்சீட்டைத் தடவி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சரி, போடும்."

06.06

போய்ச் சேர்ந்துவிட்டார். படம் அனுப்பினார்கள். கடைக்குட்டி மடியில், அவள் முகத்தோடு முகம் ஒட்டும்படி குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு இவரே அழைத்தார்.

"ஞானம், நீர் சட்டைப் பையிலை ஊசி குத்திவிட்ட மாதிரியே மூண்டு பாசும் இருக்கு. தள்ளினவள் கேட்டவள், பார்க்கக் குடுத்திட்டு உடனை வாங்கிப்போட்டன். உம்மடை கணக்கிலை ஏத்தும். அடுத்தமுறை ரெண்டு பேரும் வருவம்."

இலவசச் சீட்டுக்கு மைல்கள் ஏறுவதில்லை.

"பத்திரமாய்க் கொண்டு வாங்கோ," என்றேன். "ஏத்துறன்."