வீக்கம் என்று சொல்லிவிட்டேன்

சற்று முன்பு உன் தம்பி வந்துவிட்டுப் போனான். அவன் சட்டையில் அதே தோல் மண்டி வாடை, ஆட்டுத்தோலும் உப்பும் கலந்தது. அவன் போய் அரைமணி நேரமாகியும் அந்த வாடை வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உன்மேல் எனக்குள்ள கோபமும் அப்படித்தான். என்மேல் உள்ளது அதைவிட அதிகம்.

அன்று நீயும் இப்படித்தான் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தாய். "வாத்தி, நீ அறிவியல் வாத்தியார்தான, இதப் படிச்சுச் சொல்லு. டாக்டரு திரும்ப வரச் சொல்றாரு, எனக்கு ஏது நேரம்?" கொழுப்பு அளவாகத்தான் இருந்தது. அதைக் கேட்டதுமே உனக்குப் பாதி தெம்பு வந்துவிட்டது. கடைசி வரியில் சி.ஆர்.பி. மட்டும் கூடுதல். அப்படியென்றால் என்ன என்று கேட்டாய். "உள்ள எங்கயோ வீக்கம் இருக்குன்னு அர்த்தம்" என்றேன்.

நீ கைலியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாய். "ஏலே, பள்ளம் விழுகுதா பாரு. இம்புட்டுப் படிச்சும் உனக்கு வீக்கம் எதுன்னு தெரியல!" நீ சிரித்தாய், நானும் சிரித்துத் தொலைத்தேன். நீ டாக்டரிடம் போகவே இல்லை. மறு மாதம் மண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய், பிறகு எழவே இல்லை.

பாடப்புத்தகத்தில் அதற்கு அழற்சி என்று பெயர். வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் ரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து, அங்கே படிந்த கொழுப்பை விழுங்கி, அங்கேயே செத்துக் குவிகின்றன. அந்தப் புண் ஒருநாள் வெடித்தால் ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடும். கொழுப்பு அளவு சரியாக இருப்பவனுக்கும் இது வரும். பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்குகிறவனுக்கு உன்னிடம் சொல்ல அந்த அரைகுறைச் சொல்தான் கிடைத்தது. நினைத்தாலே எரிச்சலாக வருகிறது.

இத்தனைக்கும் சரியான பேச்சு உன்னிடமே இருந்தது. உப்புப் போடாமல் வந்த தோலைத் தட்டிப் பார்த்து, "மேலாக்க நல்லாத்தான் இருக்கும் வாத்தி, உள்ள வெந்து போயிருக்கும்" என்பாய். உள்ளுக்குள் அழுகிப்போன தோலை மண்டியில் வெந்தது என்பீர்கள். எத்தனை முறை கேட்டிருப்பேன்!

இன்று உன் தம்பியின் தாளிலும் அதே வரி கூடுதல். அந்தச் சொல்லை நீ சொல்லிக் கேட்டிருப்பான் போல. "வீக்கமாண்ணே?" என்று அவனும் காலைப் பார்க்கக் குனிந்தான். கத்திவிட்டேன்.

"காலப் பாக்காத! உப்புப் போடாத தோலு எப்படி வேகும்னு தெரியும்ல? அப்படி உள்ள வெந்துக்கிட்டிருக்கலாம். நேரா டாக்டர்ட்ட போ."

அவன் முகம் மாறியது. "இந்தா போறேண்ணே" என்று வண்டியை எடுத்துவிட்டான்.

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவனை எழுப்பி அனுப்பியது உன் பேச்சு. அதை உன்னிடம் சொல்லத்தான் அன்று எனக்குத் தோன்றவில்லை.