ஆறு தொட்டி, ஒரே கொடி

மார்ச் 3, ஞாயிறு, பகல் 12.40
பால்கனியில் இதுவரை பூத்த பேஷன் ஃப்ரூட் பூக்கள் பதினேழு. காய் பூஜ்யம். வெள்ளையும் ஊதாவுமாக இழை விரித்து, மேசை விசிறிக்கு அலங்காரம் செய்த மாதிரி ஒரு பூ. அழகுக்குக் குறைவில்லை. வேலைதான் செய்யவில்லை.

அக்கா கெடு வைத்துவிட்டாள். "பதினஞ்சாம் தேதிக்குள்ள ஒரு காயாவது பிடிக்கணும். இல்லேன்னா வெட்டிட்டுத் துணி காயப்போடுவேன். இது என் வீடு, உன் லேப் இல்ல."

மார்ச் 4, திங்கள்
ஏழாவது மாடிக்கு வண்டு வராது. சரி, நானே வண்டு. பூ விரிவது நடுப்பகலில்தான் என்பதால் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசிலிருந்து ஓடி வந்து, தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டு எட்டுப் பூக்களின் நடுவே நீட்டியிருக்கும் சூல்முடியில் பூசினேன்.

மார்ச் 6, புதன்
எட்டும் உதிர்ந்தன. முறை சரி, நேரம் சரி. வேற என்னதான் வேணும் உனக்கு?

மார்ச் 8, வெள்ளி
படித்துப் பார்த்தேன். இந்த மஞ்சள் வகை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறு செடியுடையது வேண்டும். என்னிடம்தான் ஆறு தொட்டிச் செடி இருக்கிறதே?

இல்லை. தரம் ஒரே சீராக இருக்கட்டும் என்று ஒரே கொடியில் ஆறு துண்டு வெட்டி நட்ட மேதாவி நான். ஆறும் ஒரே செடி.

அக்கா சிரித்த சிரிப்பில் மாமாவுக்குப் புரையேறியது. "ஆறு தொட்டியிலயும் நீயே உட்கார்ந்துக்கிட்டு, துணைக்கு ஆள் தேடியிருக்கியேடா!"

இந்தக் கட்டடத்தில் வேறு கொடி ஒன்றுதான். மேல்மாடிப் பல் டாக்டருடையது, விதையில் வளர்ந்தது. போன மாதம் அவர் தொட்டித் தண்ணீர் எங்கள் ஏசிமேல் சொட்டுகிறது என்று புகார் எழுதியவன் யார்? நான்தான்.

மார்ச் 9, சனி
போகமாட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு
போனேன். "பொண்ணு கேட்கப் போறவன்கூட இவ்வளவு தயங்கமாட்டான்" என்று அக்கா தள்ளிவிட்டாள்.

"புகார் எழுதினவர்தானே?" என்றார் டாக்டர்.

"ஆமா. இப்பவும் சொட்டுது. ஆனா அதுக்கு வரல. மகரந்தம் வேணும்."

கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கும் ஒண்ணுகூடக் காய்க்கல. உங்க பூவையும் கொண்டாங்க. வாங்கிட்டு மட்டும் போறதா உத்தேசமா?"

அவர் பூவின் மகரந்தத்தை எங்கள் கொடியிலும், எங்களுடையதை அவர் கொடியிலும் பூசினோம். பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைப் பிடித்து, நான் பூசாமல் விட்ட இடங்களைக் காட்டினார். நிறையவே விட்டிருந்தேன்.

மார்ச் 14, வியாழன்
எங்களிடம் நான்கு காய், மேலே மூன்று. கோலிக்குண்டு அளவு. அக்கா தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

இனிச் செய்ய வேண்டியவை:
1. காய் கனக்கும் முன் பந்தலுக்கு இன்னொரு கம்பி.
2. டாக்டர் தொட்டிகளுக்கு அடித்தட்டு. வாங்கி நானே வைப்பது.
3. ஞாயிறு பகல் மகரந்தம் பூச மேலே போவது. அன்று விரிய இரண்டு கொடியிலும் மொட்டே இல்லை. அது அவருக்கும் தெரியும்.