மயக்கத்தில் என்னால் பேச முடியாது

என்னங்க, சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

உங்களை எழுப்பவில்லை. எழுப்பினால் நேற்றைய சண்டை தொடரும்.

போன தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தபோது அந்த நர்ஸ், "சுகர் நார்மலாத்தானே இருக்கு, இன்சுலின் எதுக்கு?" என்று ஊசியை நிறுத்தினாள். ஊசி போட்டதால்தான் நார்மல் என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீங்களோ, "படிச்சவங்க சொல்றாங்க, சும்மா இரு" என்றீர்கள். மறுநாள் ஐசியுவில் கிடந்தேன்.

உடம்பில் இன்சுலினே சுரக்காத இந்த வியாதியோடு இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன், உங்களோடு பன்னிரண்டுதான்.

இன்று ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டால் என்னால் சண்டை போட முடியாது. அப்போது யாராவது இன்சுலினை நிறுத்தினால் நீங்கள் சும்மா இருக்கக் கூடாது.

பி.கு: கோபம் தீரவில்லை. ஆனாலும் எனக்காகப் பேசும் ஆள் யாரென்று ஃபாரத்தில் கேட்டால், உங்கள் பெயரைத்தான் எழுதப்போகிறேன்.